அம்மா பார்க்காத ஆறு ரவுண்டுகள்

சித்தி,

இப்படி எழுதுவதற்கு முதலில் கோபித்துக்கொள்ளாதே. நமக்குள் கடிதப் பழக்கமே இருந்ததில்லை. ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே படுத்துக் கிடந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? அதுவும் நான் வாய் திறந்து பேசுவதே குறைவு. நீ இருந்தபோது சொல்லாததையெல்லாம் நீ போன பிறகு உட்கார்ந்து எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதியாக வேண்டும்.

நேற்று அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் வாசலின் டப்பாவைத் திறந்தாள். ஏசி காற்றில் உதடு வெடிக்கிறதாம். வாசனை என்று அதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது, உனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கு வந்தது. அவள் உதட்டில் தடவிக்கொண்டாள். நான் அவள் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலினைப் புருவத்தில்தான் தடவ வேண்டும் என்று எனக்குள் எங்கோ பதிந்து கிடக்கிறது. புருவத்தில், கன்னத்து எலும்பில், மூக்குத் தண்டில். குத்து வழுக்கிக்கொண்டு போக வேண்டும், தோல் கிழியக் கூடாது. "என்ன பாக்கற?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அப்புறம் மாலைவரை எனக்கு வேலை ஓடவில்லை.

கண்ணை மூடினால் பனி. நெய்வேலியின் மார்கழிப் பனி, தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கும். அதற்கு மேலே அனல்மின் நிலையத்துக் கோபுரங்கள் மட்டும் வெள்ளைப் புகையோடு மிதந்துகொண்டிருக்கும். பால் வாங்கப் பாத்திரத்தோடு நான் நிற்பேன். சாலையின் அந்தக் கோடியில் முதலில் மூச்சுச் சத்தம் கேட்கும், பிறகு செருப்பில்லாத காலடி போன்ற மெத்தென்ற ஷூ சத்தம், அதற்கும் பிறகுதான் நீ வருவாய். என்னைத் தாண்டும்போது பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பனிக்குள் போய்விடுவாய். இப்போதும் கனவில் அப்படித்தான் வருகிறாய். தட்டிவிட்டுப் போகிறாய். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சாலை காலியாக இருக்கிறது.

கோடையில் வேறு வேடம். எடை குறைக்க மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுவாய். ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்கள், "ஏம்மா, எங்க பெய்யுது மழை? எங்களுக்கும் சொல்லு!" என்று கத்துவார்கள். நீ ஓடிக்கொண்டே வானத்தைக் கைகாட்டுவாய். குத்துச்சண்டையில் ஃபெதர்வெயிட் என்றால் ஐம்பத்தேழு கிலோவும் கொஞ்சமும். அதற்குமேல் ஒரு வாய்த் தண்ணீர்கூட உன்னுடையது இல்லை. அப்பாதான் உன்னை விடமாட்டார். "எறகு எடைன்னு சொல்றாங்க, எறகு ஏழு இட்லி சாப்புடுமா?" என்பார். "சண்டை இல்லாத மாசத்துல எறகுக்குப் பசிக்கும் மாமா" என்பாய்.

உன்னையும் அம்மாவையும் பெற்ற ஆயா இறந்தபோது நீ சின்னப் பிள்ளை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த அம்மா, மறுவருடமே உன்னைக் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாளாம். நான் பிறந்தபோது நீ ஏற்கெனவே அந்த வீட்டில் இருந்தாய். அதனால் உனக்கு அம்மா அக்காவா அம்மாவா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. உனக்கும் விளங்கியிருக்காது என்று நினைக்கிறேன்.

பள்ளி நாட்களில் நீ மாநில அளவில் பதக்கம் வாங்கினாய். பதக்கம் வாங்கினால் ரயில்வேயிலோ போலீசிலோ வேலை வரும் என்று டவுன்ஷிப்பே காத்திருந்தது. வரவில்லை. பிறகு ஒருநாள் சென்னையிலிருந்து வந்த ஒருவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நான் புரொஃபஷனல் ஆயிட்டேன்" என்று வந்து நின்றாய். மனிதர்களை பர்மனென்ட், கான்ட்ராக்ட் என்று இரண்டாகப் பிரிக்கிற ஊரில் அது என்ன என்று யாருக்கும் புரியவில்லை. எதிர் குவார்ட்டர்ஸ் திருநெல்வேலி அத்தை மட்டும் வாசலிலிருந்தே கேட்டாள்.

"ஏட்டி, குத்துச்சண்டையில உன்னைய பர்மனென்ட் ஆக்கிட்டாவளா?"

"இல்லத்தை, இதுல எல்லாருமே கான்ட்ராக்ட்தான். ஒரு சண்டைக்கு ஒரு கான்ட்ராக்ட்."

"அப்பொ பி.எஃப். பிடிப்பாவளா?"

"பல்லத்தான் பிடிப்பாங்க, விழுந்தா."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள்.

உன் தொழில் என்னவென்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஓட்டல் ஹாலிலும் பெரிய கடை வளாகத்திலும் சண்டை நடத்துகிறவர்களுக்கு ஏற்கெனவே ஒரு நட்சத்திரம் இருப்பாள். அவளுக்கு எதிரே நிற்க அதே எடையில், உடனே விழுந்துவிடாத, ஆனால் கடைசியில் தோற்றுப்போகிற ஒரு பெண் வேண்டும். அதற்கு உன்னைக் கூப்பிடுவார்கள். பெங்களூருக்கு, டெல்லிக்கு, சில தடவை தாய்லாந்துக்கு. "தோக்கறதுக்கா சித்தி இவ்ளோ தூரம் போற?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். நான் உன்னிடம் கேட்ட மிகப் பெரிய கேள்வி அதுதான். நீ கைக்குத் துணிப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாய். "தோக்கப் போவல. அவ சுலபமா ஜெயிச்சிடக் கூடாதில்ல, அதுக்குப் போறேன்" என்றாய். சொல்லிவிட்டு, பல்லால் முடிச்சை இழுத்து இறுக்கினாய்.

நீ ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீ சண்டை போடுவதை உன் அக்கா ஒருதடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பதக்கம் வாங்கிய காலத்திலேயே அம்மா வந்ததில்லை. கடலூரில் நடந்தாலும் வரமாட்டாள், டவுன்ஷிப் மைதானத்தில் நடந்தாலும் வரமாட்டாள். நீ ஒவ்வொரு முறையும் கேட்பாய். அம்மா ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்வாள்.

"உன்னை நான் ஒரு அடி அடிச்சி வளக்கல. எவளோ வந்து அடிப்பா, அதை நான் ஒக்காந்து பாத்துக்கினு இருக்கணுமா?"

"அவ அடிக்கறது மட்டுமா நடக்குது? நானுந்தான் அடிக்கறேன். அதை வந்து பாருக்கா."

"நீ அடிக்கறதையும் பாக்க முடியாது. அவளும் யாரு பெத்த பொண்ணோ."

புயலில் முந்திரிக் காடுகள் சாய்ந்து, டவுன்ஷிப்பின் பெரிய மரங்களெல்லாம் சாலையில் விழுந்து கிடந்த வருடத்துக்கு அடுத்த வருடம் என்று நினைக்கிறேன், தாய்லாந்தில் நீ மயங்கி விழுந்தாய். மாஸ்டர் அங்கிருந்து அப்பாவுக்குப் போன் செய்தார். மாஸ்டர் என்றால் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து உனக்குப் பயிற்சி கொடுத்தவர். "ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க, பேச்சு வரல, காலைல வந்துடும்" என்றார். அம்மா மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட்டவள் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. நீ தையல் போட்ட புருவத்தோடு திரும்பி வந்ததும் உனக்கு விஷயம் சொல்லப்பட்டது.

"வேளாங்கண்ணிக்கு முடி நேந்துக்கினேன்."

"யாரு முடி?"

"உன் முடிதான்."

"என்னைக் கேக்காமலா?"

"உன்னை எங்க கேக்கறது? நீதான் வாயத் தொறக்காம கெடந்தியே."

அன்றிலிருந்து உன் தலையில் கத்தரி படக் கூடாது என்று சட்டம். கொடியேற்றத்துக்குக் குடும்பத்தோடு போய்த்தான் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம். ஒரு வருடம் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு வருடம் உனக்குச் சண்டை. முடி பாட்டுக்கு வளர்ந்தது. இடுப்பைத் தாண்டியது. பயிற்சிக்கு முன்னால் நான்தான் அதை இறுக்கிப் பின்னிச் சுருட்டிக் கட்டுவேன். கையில் ஈரக் கயிறுபோலக் கனக்கும். "இதை இறக்கி வெச்சாலே நீ கீழ் எடைக்குப் போயிடலாம்" என்று மாஸ்டர் முணுமுணுப்பார். "முடி மாதாவோடது மாஸ்டர், மீதிதான் என்னுது" என்பாய்.

பிறகு அந்தச் சண்டை வந்தது. டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில், ஆறு ரவுண்டு, உன் பெயர் போட்ட போஸ்டரோடு. முதல்தடவையாக நீ உள்ளூர்க்காரி. வடக்கேயிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வாட்டி நான் அவ எடத்துல இல்ல. அவதான் என் எடத்துல இருக்கா" என்றாய்.

முந்தின நாள் எடை பார்த்தார்கள், மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். அம்மா வந்திருந்தாள். சண்டைக்கு அல்ல, எடை பார்த்து முடித்ததும் நீ சாப்பிடுவதற்குக் கஞ்சியும் கோழிக் குழம்பும் கொண்டு வந்திருந்தாள். நீ இரண்டு நாளாகச் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. உதடு சாம்பல் பூத்திருந்தது. நானும் இன்னொரு பெண்ணும் போர்வையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நீ உள்ளே துணியைக் களைந்துவிட்டு எடைக் கருவியில் ஏறி நின்றாய். முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஒரு விரற்கடை அதிகம். ஒரு மணி நேரம் தருகிறோம், அதற்குள் குறைத்துக்கொண்டு வா என்றார்கள்.

உன் உடம்பில் குறைக்க என்ன இருந்தது? வியர்வைகூட வரவில்லை. மாஸ்டர் உன் தலையைப் பார்த்தார்.

"இதுதாம்மா வழி."

"வேணாம் மாஸ்டர். ஓடிப் பாக்கறேன்."

"ஓடினா விழுந்துடுவ. நாளைக்கு ரிங்குல ஏற மாட்ட."

"அக்கா நேந்துக்கினது. அதுல கை வெக்க முடியாது."

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீ சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். எத்தனையோ ஊரில் அடி வாங்கிய பிறகு சொந்த ஊரில் கிடைத்த ஒரே சண்டை, இரண்டு கை முடிக்காகப் போகப்போகிறது. நான் போர்வையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

படிக்கட்டில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மேடையில் பூ அலங்காரம் செய்துகொண்டிருந்தவரிடம் போய், "தம்பி, அந்தக் கத்தரிய ஒரு நிமிசம் குடு" என்று வாங்கினாள். நீ, "அக்கா, வேணாம், மாதாவுக்கு..." என்று ஆரம்பித்தாய்.

"மாதா கோவிச்சிக்க மாட்டா. எடை பாக்கற ஆளுதான் கோவிச்சிக்குவான். தலைய நிமித்து."

கழுத்துக்குமேல் ஒரு பிடியாகப் பிடித்து வெட்டினாள். பூக் கத்தரிக்கு அது சுலபமாக இல்லை, அறுக்க வேண்டியிருந்தது. வெட்டிய பின்னலைத் தூக்குவாளி கொண்டு வந்த துணிப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். நீ மறுபடி ஏறினாய். முள் இறங்கி நின்றது. மாஸ்டர் கத்திய கத்தலில் மேடையிலிருந்த பூக்காரர் ஏணியைவிட்டு இறங்கிவிட்டார். அந்தக் கூடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து நீ கஞ்சி குடித்தாய். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கோணல்மாணலாக நின்ற உன் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் நீ கேட்டாய், குழம்பைப் பார்த்துக்கொண்டே.

"நாளைக்கு வருவியாக்கா?"

"வரேன்" என்றாள் அம்மா.

வந்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். "கல்யாண மண்டபத்துக்கு வேற எதைக் கட்டிக்கினு போறது?" என்று அப்பாவிடம் சண்டை பிடித்தாள். மணமேடைக்கு முன்னால் ரிங் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் அம்மா, நான், திருநெல்வேலி அத்தை. அப்பா உட்காரவே இல்லை. நீ வெளிச்சத்துக்குள் ஏறி வந்தாய். புருவத்தில் வாசலின் மினுங்கியது. முடி இல்லாத கழுத்து எவ்வளவு மெல்லியது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மணி அடித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜெபமாலை மடியில் ஓடிக்கொண்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. அத்தை நாற்காலியின் மேலேயே ஏறிவிட்டாள். "விடாத பிள்ளே! இடது பக்கம் வாங்குதா பாரு, அங்கயே குடு!" அந்த வடக்குப் பெண் கெட்டிக்காரி, சுலபமாகத் தோற்க வரவில்லை. நீ அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தாய். அடிப்பதைவிட நீ விலகுவதுதான் எனக்கு அழகாக இருந்தது. குத்து வந்து சேருமுன் நீ அங்கே இருக்கமாட்டாய். பனிக்குள் போகிற மாதிரி போய்விடுவாய்.

ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நீ மூலையில் முக்காலியில் உட்கார்ந்து, மாஸ்டரின் தோளுக்கு மேலாக எங்கள் வரிசையைப் பார்த்தாய். நான் அம்மாவை அசைத்தேன். "பாரும்மா, சித்தி இந்தப் பக்கம் பாக்குது."

"ஜெபம் பாதில நிக்குது. சும்மா இரு."

மறுபடி மணி. மறுபடி நீ பார்த்தாய். மறுபடி மூடிய கண். நான்காவது ரவுண்டுக்குப் பிறகு, பார்த்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஆனாலும் ஐந்தாவதுக்குப் பிறகும் பார்த்தாய். ஆறாவது முடிந்து, நடுவர் உன் கையைத் தூக்கி, மண்டபமே எழுந்து நின்று கத்தியபோது அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சிதாடி? முழுசா இருக்காளா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் இட்லி போட்டார்கள். வீங்கிய கன்னத்தோடு நீ வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாய்.

"பாத்தியாக்கா?"

"எல்லாம் பாத்தேன்."

"எப்படி இருந்திச்சி?"

அம்மா யோசித்தாள். "கைய நல்லா வீசின" என்றாள்.

நீ அவளையே பார்த்தாய். பிறகு அவள் இலையில் இன்னொரு இட்லியை எடுத்து வைத்து, "சாப்புடுக்கா" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை. உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அது அம்மாவுக்குத் தெரியாமல் நாம் இருவரும் பார்த்துக்கொண்டோம்.

அந்த வருடக் கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி போனோம். அம்மா துணிப்பையைப் பிரித்துப் பின்னலை நீட்டினாள். முடி எடுக்கிறவர், "இதெல்லாம் இங்க வாங்கறதில்லம்மா, தலையோட வரணும்" என்றார். நீ சிரித்துக்கொண்டே உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டாய். சாயங்காலம் கடலோரத்தில் சந்தனம் பூசிய தலையோடு அலைக்குள் நின்றாய். வெளிச்சம் தண்ணீரில் கலைந்து கிடந்தது. கடல், நீ, உன் தலை எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. அப்பா கரையிலிருந்து, "இப்போதான் எறகு மாதிரி இருக்க!" என்று கத்தினார். உன்னைப் பற்றி நினைத்தால் கடைசியில் நான் போய் நிற்பது அந்த இடத்தில்தான்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். நீ நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி நடந்து வரவில்லை. கொசுக்கடி என்று அப்பா யாரிடமோ போனில் சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிக்க முடியாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நான் பட்டம் வாங்கியதை நீ பார்க்கவில்லை. நம் வீட்டின் முதல் பட்டம். இந்த வேலைக்கான நேர்முகத்தில் எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னால் யார் கண்ணையும் பார்க்க முடியவில்லை. நீ ரிங்கில் எதிராளியின் கண்ணைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய்: "கண்ணைப் பாத்தா பயம் வரும். கழுத்தெலும்பப் பாத்தா கை எங்கேர்ந்து வரும்னு தெரியும்." நானும் மூன்று பேரின் கழுத்துப் பட்டையைப் பார்த்தே பதில் சொன்னேன். இன்றும் அப்படித்தான் பேசுகிறேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. கவனமாகக் கேட்கிறாள் என்கிறார்கள்.

போன வாரம் அம்மா போனில் கேட்டாள். "அந்தச் சண்டைய யாரோ போன்ல புடிச்சாங்களே, உங்கிட்ட இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அன்னிக்கு நான் பாத்தேன்னு சொன்னேன். நான் பாக்கலன்னு அவளுக்குத் தெரியுமாடி?"

வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரியும்மா" என்றேன். அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. அதை இறக்கி வைத்துவிட்டு வந்து, "ஞாயித்துக்கெழம வரும்போது எடுத்துக்கினு வா. ஒக்காந்து பாக்கறேன்" என்றாள்.

சனிக்கிழமை இரவு பஸ் ஏறுகிறேன். அந்த வீடியோவை நான் மட்டும் பலமுறை பார்த்திருக்கிறேன், சத்தத்தை அணைத்துவிட்டு. அப்பாவின் ஷிப்ட் நண்பர் எங்கள் வரிசைக்குச் சரியாகப் பின்னால் நின்று எடுத்தது. அதனால் நீ முக்காலியில் உட்கார்ந்து எங்களைத் தேடும்போதெல்லாம், படம் பார்க்கிறவரைத்தான் பார்க்கிறாய்.

இதுவரை கேட்கத் தயங்கியதை இப்போது கேட்கிறேன் சித்தி. ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்கும்போது, ஒவ்வொரு மணிக்குப் பிறகும் நீ இந்தப் பக்கம் திரும்புவாயே, அப்போது உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. கொஞ்சம் பொறு. அம்மாவுக்கு இப்போது கண்ணாடி வந்துவிட்டது. கண்ணைத் துடைத்து, அதை மறுபடி மாட்டிக்கொள்ள அவளுக்கு நேரமாகும்.